கணிப்பொறியில் தமிழாட்சி முறையீட்டால் வாராது!

தமிழ் ஆட்சிமொழியாதல் வேண்டும், பயிற்றுமொழியாதல் வேண்டும், வழக்குமன்ற மொழியாதல் வேண்டும், திருக்கோயில் வழிபாட்டுமொழியாதல் வேண்டும். இவை நாம் நெடுங்காலமாக எழுப்பிவரும் குரல்கள். இவற்றுள் எதுவும் நம் கையால் மட்டும் நிறைவேறத் தக்கதன்று. ஆணையிடும் ஆற்றல் வேறெவரிடமோ இருக்கின்றது. ஆகலின் மாநாடு கூட்டுகின்றோம், வேண்டுகை விடுக்கின்றோம், மறியல் செய்கின்றோம். அவையனைத்தும் வேண்டுவனவே. ஆயின், எவரிடமும் இசைவு கேளாமல், எவர் வாயிலிலும் காத்து நில்லாமல், தமிழை அரியணையேற்றத் தக்க துறையொன்று இன்று நம் கண்முன் திறந்து கிடக்கின்றது. அதுதான் திறவூற்றுக் கணிப்பொறித் துறை. அத்துறையில் தமிழினம் இதுகாறும் செய்திருப்பது, செய்யத் தக்கதில் மிகச் சிறு பங்கே. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திறவூற்று மென்பொருளாவது யாது? கணிப்பொறியை இயக்கும் ஆணைத்தொடர்களுக்கு நிரல் என்று பெயர். பெருநிறுவனங்கள் தம் நிரலைப் பூட்டி வைத்து, அதன் பயனை மட்டும் விலைக்கு விற்கின்றன. 1983-ஆம் ஆண்டில் இரிச்சர்டு சுட்டால்மன் என்னும் அமெரிக்க அறிஞர் அம்முறையை எதிர்த்துக் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். நிரலை இயக்கவும், படித்தறியவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் எவர்க்கும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவரான இலினசு தோர்வால்டுசு இயக்கிய உட்கருவும் அதனோடு சேர, இலினக்சு என்று இன்று நாம் அழைக்கும் இயங்குதளம் உருவாயிற்று. அதனைப் பயன்படுத்தற்கு உரிமப் பணம் வேண்டா என்பதைப் பலரும் அறிவர். அதனினும் பெரிதாகிய பிறிதொன்றைப் பலர் அறியார். தமிழெழுத்தை எவ்வாறு ஏற்பது, எவ்வாறு அடுக்குவது, எவ்வாறு திரையிற் காட்டுவது என்னும் கட்டளைகள் அனைத்தும் அதனுள் திறந்த ஏடாகக் கிடக்கின்றன என்பதே அது. பிழை கண்டவன் திருத்தலாம். திருத்தத் தெரியாதவன் சுட்டிக்காட்டலாம்.

எழுத்தொன்று விசையிலிருந்து திரைக்குச் சென்றுசேரும் வழியில் நான்கு நிலைகள் உள்ளன. விசை, குறி, உரு, சொல் என்பன அவை. இந்நான்கினும் தமிழின் நிலை என்ன என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம். குறியே அடிப்படையாகலின் அதனை முதற்கண் கொள்வோம்.

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எழுத்திற்கு எந்த எண் என்று வகுப்பதே குறியேற்றம். உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக 1991-இல் வெளிவந்த ஒருங்குறி, தமிழுக்கு 128 இடங்களைக் கொண்ட தொகுதியொன்றை ஒதுக்கிற்று. அத்தொகுதி தமிழின் நெடுங்கணக்கைப் பார்த்து அமைக்கப்பட்டதன்று. இந்திய அரசு வகுத்த ஐசுக்கி என்னும் தரத்தின் 1988-ஆம் ஆண்டுப் பதிப்பைப் பார்த்து அமைக்கப்பட்டது. ஐசுக்கியோ, இந்திய எழுத்துமுறைகள் அனைத்தையும் தேவநாகரியின் சட்டத்துள் அடக்கி, நிகரொலிகளை நிகரிடத்தில் வைத்த அமைப்பு. அச்சட்டத்துள் தமிழை வலிந்து புகுத்தியதன் விளைவைக் காண்க.

தொல்காப்பியர் கண்ட நெறிப்படி மெய்யும் உயிரும் கூடியே உயிர்மெய் பிறக்கும். ஒருங்குறியிலோ உயிர்மெய்யாகிய ககரமே முதற்பொருள். அதன்மேல் புள்ளி என்னும் தனிக்குறி ஏற்றப்பட்டே மெய் பிறக்கின்றது. ஆகலின் 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல், கணிப்பொறியில் ஐந்து குறிகளாக நிற்கின்றது. பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் அது 15 எண்ணலகுகளைக் கொள்கின்றது. அச்சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதின் ஐந்தே போதும்.

இனி எழுத்து வரிசையைப் பார்ப்போம். நம் நெடுங்கணக்கில் யகர ரகரங்களைத் தொடர்ந்து ல, வ, ழ, ள, ற, ன என்பன முறையே வரும். ஒருங்குறித் தொகுதியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்திற்கு முன்னும், வகரம் அவற்றிற்கெல்லாம் பின்னும் நிற்கின்றன. சகரத்திற்கும் ஞகரத்திற்கும் நடுவே கிரந்த எழுத்தொன்று புகுந்து அமர்ந்திருக்கின்றது. அலை, அவை, அழகு, அளவு, அறம் என்பது அகரமுதலி முறை. குறியெண்களை மட்டும் பார்த்து அடுக்கும் பொறியோ அறம், அலை, அளவு, அழகு, அவை என்று அடுக்கும். இம்முறையில் ஒரு பள்ளியின் மாணவர் பட்டியலும், ஒரு நூலகத்தின் நூற்பட்டியலும் அடுக்கப்படின், நெடுங்கணக்கு கற்ற குழந்தை எதனைத் தேடி எங்கே செல்லும்?

இக்குறை கண்டு நம்முள் பலர் ஒருங்குறியை முற்றும் தள்ள வேண்டும் என்பர். அவர்தம் சினம் நேரியதே. தமிழெழுத்து ஒவ்வொன்றிற்கும் தனியிடம் தரும் அனைத்தெழுத்துக் குறியேற்றம் ஒன்றைத் தமிழ் வல்லுநர் வகுத்தனர். 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு அதனையும் தரமாக அறிவித்தது. இலக்கணத்தோடு இயைந்த அமைப்பு அது என்பதில் ஐயமில்லை. ஆயின் அது நிற்கும் இடம் எது? ஒருங்குறியில் எவரும் எதற்கும் பயன்படுத்திக் கொள்ளலாம் என்று விடப்பட்ட தனிப்பயன் பகுதி. அங்கு வைக்கப்பட்ட எழுத்தை உலகின் பிற பொறிகள் தமிழென்று அறியா, தேடா, அடுக்கா. ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை மீண்டும் இடம்பெயர்ப்பதில்லை என்பது ஒருங்குறிச் சேர்த்தியத்தின் மாறா நெறியாகவும் ஆகிவிட்டது.

கொரியர் தம் அசையெழுத்துகள் 11,172-க்கும் தனித்தனி இடத்தை 1996-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே பெற்றுக்கொண்டனர். அந்நெறி இறுகுமுன் அவர்தம் வல்லுநர் அவ்வவையில் அமர்ந்து உழைத்தனர். நமக்காக அங்கு அமர்ந்திருந்தது தேவநாகரிச் சட்டம்தான். காலம் கடந்தபின் கதவைத் தட்டினோம்.

எனினும் கைவிட வேண்டுவதில்லை. குறியெண் வேறு, அடுக்குமுறை வேறு. எழுத்துகளை எவ்வரிசையில் அடுக்குவது என்பதற்கு ஒருங்குறியிலும் தனி அட்டவணை உண்டு. அதில் நம் நெடுங்கணக்கு வரிசை இன்று இடம்பெற்றுள்ளது. புள்ளிபெற்ற மெய் அகரமேறிய உயிர்மெய்க்கு முன் வரும் என்பதும், ஆகலின் 'அக்கரை' 'அகம்' என்பதற்கு முற்படும் என்பதும் தமிழுக்குரிய தனி விதிகளாக எழுதப்பட்டுவிட்டன. அவ்வட்டவணையைக் கேளாமல் வெறுங்குறியெண்ணால் அடுக்கும் மென்பொருள்களே இன்று எஞ்சிய சிக்கல். பூட்டிய மென்பொருளாயின் அந்நிறுவனத்தின் அருளை நோக்கி நிற்றல் வேண்டும். திறவூற்று மென்பொருளாயின் பிழையைச் சான்றோடு எழுதி, அதனைப் பேணுவோர்க்கு விடுக்கலாம். வல்லார் திருத்தியும் விடுக்கலாம். இலினக்சில் ஒரு மொழியின் எழுத்தடுக்கு, நாள், திங்கள், பணம் முதலியவற்றிற்கான வழக்குகள் யாவும் எவரும் திறந்து படிக்கத் தக்க எளிய உரைக்கோப்பில் எழுதப்பட்டுள்ளன. கிழமைப் பெயரில் பிழையிருப்பின் அதனைத் திருத்தக் கணிப்பொறிப் புலவன் வேண்டா, தமிழறிந்தவன் போதும்.

அடுத்து, விசை. இந்நிலையில் குறை பிறரிடத்தன்று, நம்மிடத்தே. 1554-இல் இலிசுபன் நகரில் அச்சான சிறுநூலொன்றில் தமிழ் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டது. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் தமிழெழுத்திலேயே வெளிவந்தது. தமிழைத் தமிழெழுத்தில் அச்சிட்டாலன்றித் தமிழர் படியார் என்பதைக் கடல்கடந்து வந்த போர்த்துகீசியர் இருபத்துநான்கு ஆண்டுகளுக்குள் உணர்ந்து கொண்டனர். அதற்கு நானூறு ஆண்டுகட்குப் பின் பிறந்த தமிழனோ, 'அம்மா' என்று எழுதற்கு ஆங்கில எழுத்துகளை எண்ணிப்பார்த்து, அவற்றைத் தட்டி, அவற்றினின்று தமிழைப் பெற்றுக்கொள்கின்றான். திரையில் வருவது தமிழ். விரலும் நினைவும் இயங்குவது உரோமனில். ழகரத்திற்கும் ளகரத்திற்கும், றகரத்திற்கும் ரகரத்திற்கும், ணகரத்திற்கும் னகரத்திற்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளின் கூட்டிலும் பெரிய எழுத்திலும் தேடுகின்றான். இம்முறையிற் பயின்ற சிறுவனுக்கு அவ்வெழுத்துகள் நாளடைவில் தனியெழுத்துகளாகத் தோன்றாமல், ஆங்கில எழுத்தின் திரிபுகளாகவே தோன்றும். இதனினும் பெரிய எழுத்தடிமை வேறொன்று உண்டோ?

இதற்கு மாற்று இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலேயா சென்று வாழ்ந்த முத்தையா அவர்கள், தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசையமைப்பு வகுத்து, அதனைச் செருமானிய ஆலையிற் செய்வித்தார். 'எந்திரம் எங்கிருந்தேனும் வரட்டும். எழுத்தை அமைப்பவன் தமிழனாக இருக்கட்டும்' என்பதே அவர் வாழ்க்கை உணர்த்தும் பாடம். கணிப்பொறிக்கு உரிய விசையமைப்பு 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்டு, தமிழ்நாட்டரசின் ஏற்பைப் பெற்றது. அதுவே தமிழ் 99 என்னும் விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கம். ஒரே வல்லெழுத்தை இருமுறை தட்டின் முன்னதற்குப் புள்ளி தானே விழும். மெல்லெழுத்தையும் அதன் இன வல்லெழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டினும் அவ்வாறே. த, ம, ப, இ என்று நான்கு விசை தட்டினால் 'தம்பி' என்று வந்து நிற்கும். இன எழுத்து என்று இலக்கணம் கூறியதைப் பொறி செய்து காட்டுகின்றது. வேற்றெழுத்துகளோ மாற்றுவிசையின் துணையின்றி வாரா வகையில் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழின் இயல்பையே அடிப்படையாகக் கொண்ட அமைப்பு இது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இவ்வமைப்பு இலினக்சு இயங்குதளங்களில் விலையின்றிக் கிடைக்கின்றது. அமைப்புகளிற் சென்று தமிழ் 99 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டுவதே பயன்படுத்துவோர் செய்யத் தக்கது. அதனை அங்கு இயக்கும் பன்மொழி உள்ளீட்டு நிரலகம், சப்பான் நாட்டு அரசு ஆய்வு நிறுவனமொன்றில் பிறந்தது. தம் மொழிக்கு ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஏற்றும் இடர்ப்பாட்டை எதிர்கொண்ட சப்பானியர், தமக்கென மட்டும் வழி தேடாமல், உலக மொழிகள் பலவற்றிற்கும் பொதுவாக அதனை அமைத்து, ஊற்றுநிரலோடு உலகிற்கு வழங்கினர். ஒவ்வொரு மொழியின் விசைவிதிகளையும் எளிய உரைக்கோப்பாக எழுதிச் சேர்க்கலாம் என்னும் வழியையும் திறந்து வைத்தனர்.

மூன்றாவதாகிய உருவைப் பார்ப்போம். 'கொ' என்னும் எழுத்தில் ககரத்தின் முன் ஒற்றைக்கொம்பும் பின் காலும் நிற்கின்றன. கணிப்பொறியின் நினைவிலோ ககரமே முன்; உயிர்க்குறி பின். நினைவில் உள்ள முறையைத் திரையில் காணும் முறைக்கு மாற்றி, கொம்பை முன்னே கொணர்ந்து, காலைப் பின்னே நிறுத்தும் பணியைச் செய்தற்கு எழுத்துக்கோப்பு நிரல் ஒன்று வேண்டும். அஃது இல்லாத காலத்தில் இலினக்சுத் திரையில் கொம்பு ஓரிடத்தும் எழுத்து ஓரிடத்துமாகத் தமிழ் சிதறிக் கிடந்தது. இன்று பயர்பாக்சு உலாவியிலும், இலிபர் ஆபீசு எழுதுபொறியிலும், ஆண்டிராய்டுக் கைப்பேசியிலும் தமிழெழுத்துகளைக் கோத்துத் தருவது ஆர்ப்பசு என்னும் திறவூற்று நிரல். அப்பெயர் பாரசீகச் சொல்லினின்று பிறந்தது. 'திறந்த எழுத்து' என்பது அதன் கருத்து. அதனைப் புதுக்கி வளர்த்தவர் ஈரானிற் பிறந்த பொறியறிஞர். அரபு எழுத்து சொல்லின் முதல், இடை, கடை என்னும் இடத்திற்கேற்ப உரு மாறுவது. தம் எழுத்துக்கு வந்த துன்பத்தைத் தீர்க்கப் புறப்பட்டவர் நம் எழுத்தின் துன்பத்தையும் சேர்த்தே தீர்த்தார்.

எழுத்துருவிலும் நிலை இதுவே. கேரளத்தில் 'சுவதந்திர மலையாளக் கணிமை' என்னும் தன்னார்வக் குழுவினர் தம் மொழிக்கெனத் திறந்த எழுத்துருக்களை வடித்துப் பேணி வருகின்றனர். பழைய கூட்டெழுத்துகள் பலவற்றைத் தட்டச்சுப் பொறியின் பொருட்டுக் கைவிட்ட மலையாளம், கணிப்பொறியின் துணையால் அவற்றை மீட்டுக்கொண்டது. அம்மாநிலப் பள்ளிகளின் கணிப்பாடம் திறவூற்று இயங்குதளத்திலேயே நடைபெறுகின்றது. ஒரு நாட்டுச் சிறாரெல்லாம் அதிலேயே பயில்வதால், பிழை காண்பாரும் திருத்துவாரும் அங்கு ஆண்டுதோறும் தோன்றுகின்றனர். இதனினும் நம்மை நாணச் செய்வது ஒன்றுண்டு. அக்குழுவினரே 'மீரா இனிமை' என்னும் தமிழ் எழுத்துருவொன்றையும் செய்து, திறந்த உரிமத்தில் நமக்கு வழங்கியுள்ளனர்!

சப்பானியர் விசைக்கு வழி செய்தார். ஈரானியர் எழுத்தைக் கோத்தார். மலையாளத்தார் எழுத்துரு வடித்தார். தமிழர் யாதும் செய்திலர் என்பது நம் கூற்றன்று. சென்னையிலும் ஈழத்திலும் சிங்கையிலும் மலேசியாவிலும் கனடாவிலும் இருந்துகொண்டு, ஊதியம் நோக்காமல், இரவு விழித்து உழைத்த தமிழ்த் தொண்டர் உளர். பழந்தமிழ் நூல்களை 1998 முதல் மின்வடிவாக்கி வரும் மதுரைத் திட்டமும், திறவூற்று மென்பொருளைத் தமிழிலேயே கற்பிக்க 2012-இல் தோன்றிய கணியம் இதழும் அத்தகையோர் உழைப்பே. ஆயின் எட்டுக் கோடிக்கு அணித்தான மக்கள் பேசும் மொழியின் சுமையை விரல்விட்டு எண்ணத் தக்க சிலர் தோளில் ஏற்றிவிட்டு, எஞ்சியோர் மேடையில் மொழிப்பற்றை முழங்குவது அறமாகுமா?

நான்காவது, சொல். தூயதமிழ் அன்பர் முதன்மையாக எண்ணத் தக்கது இதுவே. கணிப்பொறித் திரையில் தோன்றும் ஆணைகளை யார் தமிழாக்குகின்றாரோ, அவர் சொல்லே நாளைய வழக்கு. கோப்பு, உலாவி, கடவுச்சொல், சுட்டி, பதிவிறக்கம் முதலிய சொற்களை ஆணையிட்டுப் பரப்பியவர் எவருமிலர். தன்னார்வலர் ஆக்கினர், திரையில் வந்தன, மக்கள் வாயில் நின்றன. ஆனால் பெருநிறுவனங்கள் சிலவற்றின் தமிழ்த் திரைகளில் 'கோப்பு' இருக்க வேண்டிய இடத்தில் 'ஃபைல்' நிற்கின்றது. சொல்லும் வேற்றுச்சொல், எழுத்துமுறையும் வேற்றுமுறை. குற்றெழுத்தை அடுத்து வல்லின உயிர்மெய்க்கு முன் சொல்லிடையில் வரத்தக்க ஆய்தத்தைப் பிடுங்கி, சொன்முதலில் நட்டு, ஆங்கில ஒலிக்கு அடையாளமாக்கிவிட்டனர். நாளும் பல கோடி முறை கண்ணிற்படும் அவ்வெழுத்து, ஆய்தத்தின் இலக்கணத்தை நம் சிறார் நெஞ்சினின்று துடைத்துவிடும். நூறு கண்டனக் கூட்டங்களால் இதனை மாற்றல் அரிது. திறவூற்று மென்பொருளிலோ, தமிழாக்கக் குழுவில் சேர்ந்து, அச்சொல்லை நாமே எழுதலாம். குனோம், கேடீயீ, இலிபர் ஆபீசு, பயர்பாக்சு ஆகிய அனைத்திற்கும் தமிழாக்கம் உண்டு; அனைத்திற்கும் இன்னும் கைகள் தேவை.

இங்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டல் வேண்டும். 2010-இல் ஒருங்குறியில் கிரந்த எழுத்துகளைத் தமிழோடு இணைக்கவும், கிரந்தத் தொகுதிக்குள் தமிழுக்கே உரிய எ, ஒ, ழ, ற, ன ஆகியவற்றைப் புகுத்தவும் முன்மொழிவுகள் எழுந்தன. தமிழறிஞரும் இயக்கத்தாரும் கிளர்ந்தெழுந்தனர், தமிழ்நாட்டரசும் தலையிட்டது, முடிவு தள்ளிவைக்கப்பட்டது. 2014-இல் கிரந்தம் தனித்தொகுதியாக, அவ்வைந்து தமிழெழுத்துகளும் இன்றி, ஒருங்குறியில் இடம்பெற்றது. அது நம் விழிப்பின் வெற்றி. ஐயமில்லை. 2019-இல் முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னங்களும் கணக்கு வழக்கிற்குரிய குறிகளுமாக 51 குறிகள் ஒருங்குறியில் ஏற்கப்பட்டன. ஓலையினும் கல்லினும் பழைய கணக்கு நூல்களினும் சான்று தேடித் தொகுத்து முன்வைத்த பொறுமையின் வெற்றி அது. முன்னதைத் தமிழுலகம் முழுதும் அறியும். பின்னதை அறிந்தார் எத்துணையர்? தடுத்தலில் நமக்குள்ள வேட்கை ஆக்கலில் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. தடுத்தல் காவல்; ஆக்கலே ஆட்சி. காவலன் மட்டும் இருந்து உழவன் இல்லாத நிலத்தில் என்ன விளையும்?

"யாம் பொறியறிஞர் அல்லேம், எம்மால் என் செய்ய இயலும்?" என்று அன்பர் சிலர் வினவுவர். பொறியறிஞரைக் காட்டிலும் தமிழறிஞரையே இத்துறை மிகுதியும் வேண்டி நிற்கின்றது என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும். நிரலெழுதும் இளைஞர் நம்மிடம் ஏராளம். அவர்க்கு வேற்றுமையுருபு எங்குச் சேரும், வல்லினம் எங்கு மிகும், ஒரு சொல்லின் வேர் யாது என்று சொல்லித்தருவார் இல்லை. எழுத்துப்பிழை திருத்தி ஒன்றைச் செம்மையாக அமைக்க வேண்டுமாயின், புணர்ச்சி விதிகளை வரிசைப்படுத்தித் தருபவன் இலக்கணம் கற்றவனே. இருவரும் ஒரு மேசைமுன் அமர்ந்தால் ஓராண்டில் ஆகத் தக்கது, தனித்தனி நின்றால் ஒரு தலைமுறையிலும் ஆகாது.

அரசைப் பற்றியும் ஒன்று கூறல் தகும். 2011-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விலைக்கு வாங்கிய இயங்குதளத்தோடு பாசு என்னும் இலினக்சு இயங்குதளமும் சேர்த்தே வழங்கப்பட்டது. அது சென்னையிலேயே, நடுவணரசின் சீதாக்கு நிறுவனத்தில் உருவானது. பல்லாயிரம் ஏழை மாணவர் கையில் திறவூற்று இயங்குதளம் சென்று சேர்ந்தது. அதனைத் தமிழிடைமுகத்தோடு திறக்கவும் தமிழ் 99-இல் தட்டவும் அவர்க்குக் கற்பித்த பள்ளிகள் எத்துணை? கருவியைக் கொடுத்த அரசு, கற்பிக்கும் திட்டத்தைக் கொடுக்கவில்லை. கேட்க வேண்டிய நாமும் கேட்கவில்லை. முறையீட்டையே தொழிலாகக் கொண்ட நாம், முறையிட வேண்டிய இடத்தில் வாய் மூடியிருந்தோம்!

ஆகலின் இயக்க அன்பர் ஒவ்வொருவர்க்கும் யாம் வைக்கும் வேண்டுகை இவை:

1. இன்று முதல் உரோமன் எழுத்தின் வழியாகத் தமிழைத் தட்டுவதை விட்டொழிக்க. தமிழ் 99 பழகுக. நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கின் சில கிழமைகளில் கை பழகிவிடும்.

2. மன்றங்களிலும் இதழ் அலுவலகங்களிலும் ஒரு கணிப்பொறியிலேனும் இலினக்சு இயங்குதளத்தைத் தமிழிடைமுகத்தோடு நிறுவுக. பயன்படுத்தாத ஒன்றின் பிழை எவர்க்கும் புலப்படாது.

3. காணும் பிழையைத் தமக்குள் பேசிக் கலையாமல், எழுதி, அம்மென்பொருளைப் பேணுவோர்க்கு விடுக்க. எந்தச் சொல், எந்தத் திரை, சரியானது எது, அதற்குச் சான்று யாது என்று நான்கையும் குறிக்க.

4. ஊர்தோறும் ஒரு புலவரும் ஓர் இளைஞருமாக இணைந்து, ஏதேனும் ஒரு மென்பொருளின் தமிழாக்கத்தை முழுதும் ஏற்றுக்கொள்க. பத்து மென்பொருளைத் தொட்டு விடுவதினும் ஒன்றை முடிப்பது மேல்.

5. நம் இதழ்களையும் நூல்களையும் தனிக்குறியேற்ற எழுத்துருக்களில் அடைத்து வைப்பதை நிறுத்துக. அவ்வெழுத்துரு மறைந்த நாளில் அந்நூலும் வெறுங்கிறுக்கலாகிவிடும். பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மூன்று இடங்களிற் பாதுகாக்க.

கரையான் தின்ற ஏட்டையும், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட சுவடியையும் எண்ணி எண்ணி நாம் வருந்துகின்றோம். அவை ஏடு பெயர்த்தெழுத ஆளில்லாமையால் அழிந்தவை. இன்று பெயர்த்தெழுதும் பொறி நம் மேசைமேல் இருக்கின்றது. அதன் உள்ளுறுப்பனைத்தும் நம் கைக்கு எட்டும்படி திறந்து கிடக்கின்றது. இனித் தமிழ் கணிப்பொறியில் தாழ்வுறின், அப்பழியை ஆரியத்தின்மேலும் ஆங்கிலத்தின்மேலும் தில்லியின்மேலும் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. கதவை எவரும் அடைக்கவில்லை. உள்ளே செல்ல வேண்டியவர் நாமே.

எழுக! விசையில் விரல் வைக்க! தமிழெழுத்திலேயே வைக்க!